தன்னோடு ஆறு பேர்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் முதியோர் கூடலில், புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் பேசலாம். போன மாசியில் அந்த நேரம் எனக்குக் கிடைத்தது. கூடலை நடத்தும் பெண் முதலே எச்சரித்திருந்தார்: "சனம் இடையில எழும்பினால், அண்ணை, வாற கிழமையிலயிருந்து அந்த நேரம் காட்ஸ் விளையாடுறவைக்குத்தான்." அவர்களில் நாலு பேர் அன்று மூலையில் சீட்டுக்கட்டோடு காத்திருந்தார்கள்.

நான் எடுத்தது தென்துருவக் கதை. பனிக்கட்டி நெரித்துக் கப்பல் மூழ்கிப்போக, இருபத்தெட்டுப் பேரும் படகுகளில் ஒரு வெறுந்தீவை அடைந்தார்கள். உதவி தேடிக் கப்டன் தன்னோடு ஆறு பேராகச் சின்னப் படகொன்றில் புறப்பட்டார். சபையை எண்ணினேன். பத்தொன்பது தலை, ஒன்றும் குறையவில்லை. துணிந்து கதையின் முடிவுக்கு வந்தேன்: மூன்று தரம் முயன்று தோற்று, நாலாம் தரம் கப்டன் தீவுக்கே வந்து, இருபத்திரண்டு பேரையும் உயிரோடு மீட்டார்.

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு ரீச்சர் கையை உயர்த்தினார். "தன்னோட ஆறெண்டால் ஏழெல்லோ? மிச்சம் இருபத்தொண்டு. நீங்கள் ஒராளைக் கூட ஏத்திறியள்."

"கப்டனையும் சேர்த்துத்தான் ஆறு, ரீச்சர்."

"அப்ப அப்பிடியெல்லோ சொல்லவேணும்."

"ஒரு பெங்குவினையும் ஏத்திப்போட்டினம் போல," என்றார் பின்னாலிருந்த ஒருவர். "கறுப்புக் கோட்டோட நிண்டால் ஆருக்குத் தெரியும்?"

காட்ஸ் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "கள்ளமா ஏறின ஆளாயிருக்கும். நானும் அப்பிடித்தானே லண்டனுக்கு வந்தனான்."

"அதுதான் இண்டைக்கும் கள்ள ஆட்டம் ஆடுறீர்," என்றார் அதே மேசையில் அவருக்கு எதிரில் இருந்தவர்.

சபை குலுங்கியது. நான் பதறிப்போய்ப் பலகையில் இருபத்தெட்டுக் கோடு இழுத்து ஆறை அழித்தேன். எல்லாரும் பள்ளிக்கூடம் போலச் சத்தமாக எண்ணினார்கள். பாதிப் பேருக்கு இருபத்திரண்டு, மீதிப் பேருக்கு இருபத்துமூன்று. சிரித்தால் எனக்கு இருமல் வரும் என்று பயந்துகொண்டே சிரித்தேன், இருமலும் வந்தது. சாப்பாட்டுக்கு மணி அடித்தும் ஒருவரும் எழும்பவில்லை.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "கூடினால் கூடட்டும். குறையாமல் வந்ததுதான் பெரிசு."

ஆறிய சோற்றைச் சூடாக்கிக்கொண்டே கூடலை நடத்தும் பெண் என்னிடம் கேட்டார்: "வாற கிழமை என்ன கதை, அண்ணை?"

"போன ஒருத்தரும் திரும்பாத பயணம் ஒண்டு இருக்கு."

"ஐயோ, அது வேண்டாம். இதையே இன்னொருக்காச் சொல்லுங்கோ."