எலிக்கு ஆறியது

“என் பொண்டாட்டி வயித்துல கத்தி பட விட்டா நான் மனுஷனே இல்ல. மாதுளைத் தோலுக்கு அடங்காத குடல் இன்னும் பொறக்கல” என்று தேநீர் வேளையில் அறிவித்துவிட்டு, மற்றவர்கள் தின்று போட்ட மாதுளைத் தோல்களைப் பைக்குள் அள்ளிக்கொள்வார் சாறு சார்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பது அவருடைய உத்தியோகம். குடல் வீங்கிப் புண்ணான எலியைக் கையில் பிடித்து, மாதுளைத் தோல் சாற்றைக் குழாய் வழியாகப் புகட்டுவார்.

“குடி மச்சான். உங்க அக்காவும் இதத்தான் குடிக்கறா.”

மச்சான்கள் குடித்தார்கள். ரத்தம் நின்றது, எடை ஏறியது. குணமானதை உறுதி செய்ய அவர்களை அறுத்துப் பார்த்தபோது குடல் பளபளவென்று இருந்தது. ஆய்வுக்கூடமே மகிழ்ந்தது. மச்சான்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

வீட்டில், அதே குடல் புண்ணோடு இருந்த அக்காதான் ஒத்துழைக்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கி, அதன்மேல் கணவரின் துவர்ப்பையும் குடித்துவிட்டு, கழிவறைக்கு ஓடிக்கொண்டே இருந்தார். விரலில் நிற்காத மோதிரத்துக்கு நூல் சுற்றினார். பிறகு நூலும் நிற்கவில்லை. சாறு சார் இஞ்சி சேர்த்தார், மஞ்சள் சேர்த்தார், அளவைக் கூட்டினார். கழிவறை வாசலில் டம்ளரும் கையுமாக நிற்பது அவருடைய இரண்டாவது உத்தியோகம் ஆயிற்று.

ஒருநாள் கதவுக்கு உள்ளிருந்து கேள்வி வந்தது.

“ஏங்க, உங்க எலிக்கு இந்த நோவு எப்படி வருது?”

“நாங்கதான் கொடுப்போம். குடிக்கற தண்ணில ஒண்ணு கலந்து.”

“அப்புறம்?”

“கலக்கறத நிறுத்திட்டு, சாறு கொடுப்போம்.”

உள்ளே குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“எனக்கு யாருங்க கலக்கறாங்க? கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்.”

கலப்பதை நிறுத்தியதும் சாறே குடிக்காத எலிகளும் ஆறத்தான் செய்தன; என்ன, கொஞ்சம் மெதுவாக. அதை அவர் வீட்டில் சொன்னதில்லை. அன்று, டம்ளரைத் தானே குடித்து முடித்தார்.

பெருங்குடலை எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வயிற்றில் ஒரு துளை, மலம் சேர அதன்மேல் ஒட்டிக்கொள்ள ஒரு பை, ஆயுசுக்கும்.

“என்ன சார், இன்னிக்குத் தோல் வேணாமா?” என்று தேநீர் மேசையில் கேட்டார்கள்.

“வீட்ல நிறைய இருக்கு” என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் துணி எடுத்துவைக்க மனைவி அறைக்குள் வந்தபோது, சாறு சார் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். தூக்கிய சட்டையைத் தாடையால் பிடித்திருந்தார். தொப்பையில் ஒரு பை ஒட்டியிருந்தது. கோணலாக ஒட்டிப் பிய்த்த இரண்டு பைகள் கட்டிலில் கிடந்தன.

“என்னங்க பண்றீங்க?”

வாயைத் திறந்தால் சட்டை நழுவிவிடும். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலிக்காதபடி, பையை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல உரித்துப் பழகிக்கொண்டிருந்தார்.