அரை மாத்திரைக்கு வந்த சந்தேகங்கள்

மருந்துக்கடையில் நிற்கிறவர்களுக்கு வியாபாரம் முன்னேபின்னே வந்தாலும், சந்தேகம் மட்டும் முதல் நாளே வந்துவிடும். சீட்டைப் பார்த்தால் சந்தேகம், சீட்டு இல்லாமல் வந்தால் அதைவிடச் சந்தேகம். பாப்பிரெட்டிப்பட்டியில் பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த மற்றவர்களே, நீங்களாவது என்னை நம்புவீர்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தலைச்சுற்றல்

செல்வி தையல் கடை வைத்திருப்பவள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், உட்கார்ந்த இடத்தில் அழுதுகொண்டிருந்தாள். தருமபுரியில் மனநல டாக்டரைப் பார்த்து, மன அழுத்தத்துக்குக் குறைந்த அளவில் ஒரு மாத்திரை எழுதி வாங்கி வந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் மாதம் தவறாமல் என்னிடம் வாங்கினாள். ஒரு மாதம் வாங்க வேண்டிய நாளில் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்து தலைச்சுற்றலுக்கு மாத்திரை கேட்டாள்.

எனக்கு உறைத்தது. "பழைய மாத்திரை என்னாச்சு?" என்றேன். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்குன்னு வுட்டுட்டேன்" என்றாள். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிக்கிறதாம், குமட்டுகிறதாம், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாளாம். பட்டென்று நிறுத்தினால் உடம்பு இப்படிக் காட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும், இப்போதே டாக்டருக்குப் போன் போடு என்றேன். தலைச்சுற்றல் மாத்திரை கொடுக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"போட்டாலும் உங்க கிட்டதான் வரணும், நிறுத்துனாலும் உங்க கிட்டதான் வரணும். நல்ல யாவாரங்க்கா இது."

சத்து மாத்திரை

மறுநாள் அவள் புருஷன் மாதேஷ் வந்தான். தக்காளி லோடு ஏற்றுகிற வண்டி ஓட்டுபவன். காலி மாத்திரை அட்டை ஒன்றைக் கவுண்டரில் வைத்தான். "சத்து மாத்திரைன்னு சொன்னா. போன்ல பேரைப் போட்டுப் பாத்தா வேற என்னமோ வருது. இது எதுக்குங்க?"

"வாங்குனவங்களைத்தான் கேக்கணும். நான் சொல்லக் கூடாது" என்றேன். குரலை உயர்த்தினான். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இவன் வீட்டுக்குப் போய் அவளை என்ன செய்வானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "போயி சண்டை போடுவீங்களா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"நான் கேட்டா அழுவுறா. அவளுக்கு என்னான்னு தெரியாம நான் எப்படிங்க வண்டி ஓட்டுறது?"

நடுவில் கோடு

அவன் வந்து போனதை, நான் எதுவும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து, அன்றே செல்வியிடம் சொன்னேன். அவளே அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த வாரம் இருவருமாகத் தருமபுரிக்குப் போனார்கள். டாக்டர் பழைய அளவையே மறுபடி ஆரம்பித்து, தலைச்சுற்றல் அடங்கின பிறகு சில வாரம் அரை மாத்திரை, பிறகு பார்த்துவிட்டு இன்னும் குறைக்கலாம் என்று எழுதியிருந்தார்.

என் கையில் இருந்த சரக்கு வேறு கம்பெனி; மாத்திரையின் நடுவில் உடைக்கக் கோடு இல்லை. இதை உடைக்கலாமா? சில மாத்திரைகளை உடைக்கவே கூடாது. செல்வியை உட்காரவைத்து டாக்டருக்குப் போன் செய்தேன். வேண்டாம், கோடு போட்டதையே வரவழைத்துக் கொடுங்கள் என்றார். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க போன் பண்ணாம இருந்தாத்தாம்மா நான் பயப்படணும்."

காவல்

அரைக்கு இறங்கிய பிறகு இன்னொரு தொல்லை. மாதேஷ் காவல்காரனாகிவிட்டான். அவள் பெருமூச்சு விட்டால் சந்தேகம், சிரித்தால் அதிகமாகச் சிரிக்கிறாளோ என்று சந்தேகம். தினமும் என் கடையில் வண்டியை நிறுத்தி, "நேத்து ரெண்டு தரம் கத்துனா" என்று ரிப்போர்ட் கொடுப்பான். நானும் கெட்டவள்தான், குறித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் செல்வியே வந்தாள், கண் சிவந்து; பின்னாலேயே மாதேஷும். பழைய நோய் திரும்புகிறதோ என்று பயந்தேன். என் கடையிலிருந்தே டாக்டரிடம் போனில் பேசினாள். அவசரம் வேண்டாம், இன்னும் சில வாரம் அரையிலேயே இருங்கள், நாலைந்து நாள் தொடர்ந்து அழுகை வந்தால் உடனே வாருங்கள் என்றாராம். போனை வைத்துவிட்டு எங்கள் இருவர் மேலும் பாய்ந்தாள்.

"ஜாக்கெட் அளவு தப்பாக் குடுத்தவளைத் திட்டுனேன். மனுசி கோவப்படறதுக்கும் டாக்டர் சீட்டு வேணுமாங்க்கா?"

பிளாஸ்திரி

கால் மாத்திரைக்கு இறங்கி, அங்கேயும் சில வாரம் இருந்து, டாக்டர் சொன்ன பிறகே முழுவதும் விட்டாள். எல்லாம் முடிய ஐந்து மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஒரு காலை, விரலில் மிஷின் ஊசி ஏறிவிட்டது என்று பிளாஸ்திரி கேட்டு வந்தாள். நான் விரலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா, கை நடுங்கித்தான் ஊசி ஏறியதா என்று அடுக்கினேன். பிளாஸ்திரியை நானே ஒட்டிவிடும் வரை பொறுமையாக இருந்தாள்.

"பேசிக்கிட்டே தெச்சேன், ஏறிடுச்சு. நல்லா இருக்கேன்னு சொன்னா நம்பவே மாட்டீங்களா?"

நம்புகிறேன் என்றுதான் சொன்னேன்; அடுத்த வாரமே, சரியாக இருந்த ஜாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு "கை இறுக்குது" என்று பொய் சொல்லி அவள் கடைக்குப் போய், முகத்தை இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தேன்.