கிழக்குப் பக்கத்துப் பட்டை

ஒருபக்கமாகச் சாய்ந்து போகும் காரைச் சாலையில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது. ஆறாத கோபம். ஆற வேண்டாம் என்று நானே ஊதி ஊதி வைத்திருக்கிற கோபம்.

திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு எட்டு வயது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டு வீட்டின் நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கிழக்குப் பாதி அப்பாவுக்கு, மேற்குப் பாதி பெரியப்பாவுக்கு. கோடு முற்றத்தைத் தாண்டி, கிணற்றடியைத் தாண்டி, வண்டிக் கொட்டகைக்குள்ளும் புகுந்தது. அங்கே வடக்கே மூக்கை நீட்டி நின்றது கார். அம்மாவைக் கட்டிக்கொடுத்தபோது அவளைப் பெற்ற ஐயா சீராகத் தந்த கார். அதுவும் பொதுச் சொத்துதான் என்று பெரியவர்கள் கூடிச் சொன்னபோது அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு கணம் நின்றது. அவ்வளவுதான்.

காரின் பின் சக்கரங்களுக்கு மேலே வில்லாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் இரண்டு பக்கமும் தேய்ந்து தொய்ந்திருந்தன. பள்ளத்தில் இறங்கினால் தலை கூரையில் முட்டும். புதுக்கோட்டைப் பட்டறைக்கு விட்டால், திருப்பி ஓட்டி வருகிறவர் தனதாக்கிக்கொள்வார் என்று இருவருக்கும் பயம். ஆகவே வீட்டிலேயே வேலை.

அப்பா வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, ஜாக்கியில் தூக்கி, துருவேறிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, அடித்துக் கழற்றி, புதுப் பட்டைகளை மாட்டினார். தன் பக்கத்துக்கு மட்டும். காரைத் திருப்பி நிறுத்தினால் பாகமே மாறிவிடுமே என்பது எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டு பெரிய மனிதர்களுக்குத் தெரியவில்லை. ஜாக்கியை இறக்கியதும் கார் மேற்கே சாய்ந்து நின்றது, பக்கவாதம் வந்தவரைப் போல.

பெரியப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். “என்னடா தம்பி, வண்டி எங்கிட்டுச் சாயுது? எம் பக்கந்தானே? நல்ல சகுனம்டா!”

“ஒங்க பக்கத்த நீங்க மாத்திக்கங்கண்ணே. நான் கோட்டத் தாண்ட மாட்டேன்.”

பெரியப்பா வீம்புக்குத் தன் பக்கத்துப் பட்டைகளைக் கழற்றிப் போட்டு, அடியில் செங்கல்லை அடுக்கினார். புதுசு வரட்டும் என்றார். வரவில்லை; அவர் வரவழைக்கவில்லை.

அப்போதுதான் ஐயா வீட்டு ஆள் அம்மாவைத் தேடிச் சைக்கிளில் மூச்சு இரைக்க இரைக்க வந்தார். “ஆச்சி, ஐயாவுக்கு ரொம்ப முடியல. ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக. வெரசா வாங்க.”

அம்மா கொட்டகைக்கு ஓடினாள். பழைய பட்டைகள் மேற்குப் பக்கத்து மண்ணில்தான் கிடந்தன. மாட்டினால் கார் ஓடும்.

“கழட்டுனது அவுக. அவுகதான் மாட்டணும்” என்றார் அப்பா.

“மொதல்ல வண்டியச் சாய்ச்சது யாரு? அவன் வந்து கேக்கட்டும், மாட்டுறேன்” என்றார் பெரியப்பா.

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. “எங்கய்யா உசுரு எந்தப் பக்கங்க கெடக்கு? கெழக்கயா, மேக்கயா?”

அப்பா நகத்திடுக்கில் இருந்த வண்டி மசியைச் சுரண்டினார். பெரியப்பா செங்கல்லைப் பார்த்தார். கார் கிடந்தது, கால் ஒடிந்த மாடு போல.

அம்மா என் கையைப் பிடித்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் அதுவரை பஸ் ஏறியதில்லை. வெயிலில் ரோட்டுக்கு நடந்து, கையைக் காட்டி நிறுத்தி, கூட்டத்தில் இடிபட்டு நின்றுகொண்டே ஐயா வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன்: கோடு, செங்கல், சிரிப்பு, சுரண்டிய நகம். எல்லாவற்றையும் ஐயாவிடம் சொல்வேன். அவர் எழுந்து வந்து இரண்டு பேரையும் பெல்ட்டால் விளாசுவார்.

ஐயா கண்ணைத் திறந்தார்.

“வந்துட்டியா ஆத்தா… கார்லயா வந்தே?”

“கார்லதான்யா. வாசல்ல நிக்குது.”

“மாப்பிள்ள?”

“வண்டியத் தொடச்சிக்கிட்டு இருக்காக. இப்ப வந்துருவாக.”

ஐயாவின் முகம் தளர்ந்து மலர்ந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் உள்ளங்கை என் வாயை அழுத்தி மூடியது. அதில் பஸ் கம்பியின் இரும்பு வாசனை. எனக்கு அப்பா, பெரியப்பா இருவர்மேலும் இருந்த கோபமெல்லாம் அந்தக் கணத்தில் அவள்மேல் திரும்பியது. கையைக் கடிக்கக்கூடப் பார்த்தேன்.

அந்த ஆண்களை ஏன் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அவள் காப்பாற்றியது அவர்களை இல்லை, ஐயாவின் அந்த முகத்தை என்பதும்.