நீல டிரம்முக்குள் டார்ச் லைட்

போன சனிக்கிழமை காலை, சுகாதாரத் துறையிலிருந்து வந்த பெண் அதிகாரி எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த நீல டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார்.

"காக், ஜெந்திக்-ஜெந்திக்," என்றார்.

அக்கா, கொசுப்புழு. பார்த்தால் டிங்கி பரப்பும் ஏடிஸ் மாதிரித்தான் தெரிகிறது, லேப்புக்கு அனுப்பிவிட்டுச் சொல்கிறோம் என்று மலாயில் மெதுவாகச் சொல்லி, ஒரு சின்னக் குப்பியில் தண்ணீரை மொண்டுகொண்டார். என் கணவர் சேகர் பக்கத்திலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காரணம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மாலாவின் மகள் தர்ஷினி, நான்காம் ஆண்டு படிக்கிற குழந்தை, டிங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால்தான் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்புக்கே அதிகாரிகள் வந்து வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

அந்த டிரம் எப்படி வந்தது என்கிறீர்களா?

சேகருக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஆபீஸ். கூட வேலை செய்பவர் வீட்டில் கடல்நீர்த் தொட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். உயிருள்ள பவளம், அதற்குள் ஒளிந்து விளையாடும் ஆரஞ்சு மீன்... அன்றிலிருந்து மனுஷருக்கு வேறு பேச்சே கிடையாது.

மற்றவர்கள் தொட்டி வாங்குவார்கள், மீன் வாங்குவார்கள், அப்புறம்தான் பயப்படுவார்கள். இவர் பயத்திலிருந்து ஆரம்பித்தார். கரண்டு போனால்? பேட்டரி. மத்தியான வெயிலில் தண்ணீர் சூடேறினால்? சில்லர். மீன் கழிவு சேர்ந்தால்? அதை நுரையாகப் பிரித்து எடுக்க ஸ்கிம்மர். அலை அடிக்க ஒரு மோட்டார், பவளத்துக்குத் தனி லைட்டு, தொட்டி கசிந்தால் கத்துவதற்கு ஒரு அலாரம்! வெளிநாட்டுக்காரர் வீடியோவைப் பார்த்து ஹீட்டர்கூட வாங்க இருந்தார். கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைச் சூடாக்கப் போகிறாராம். நல்லவேளை, அதை நான் தடுத்துவிட்டேன்.

ஹாலில் தொட்டி வந்து உட்கார்ந்தது. காலியாக. மீன் வாங்க இன்னும் நாள் இருக்கிறது, முதலில் தண்ணீரைத் தயார் செய்ய வேண்டும் என்று ஆர்.ஓ. மெஷினைப் பின்பக்கம் மாட்டினார். பவளத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாதாம். வடிகட்டிய தண்ணீரில்தான் உப்புக் கலக்க வேண்டுமாம்.

அங்கேதான் வந்தது வினை. அந்த மெஷின் ஒரு வாளி நல்ல தண்ணீர் கொடுப்பதற்குள், மூன்று வாளியை வேண்டாம் என்று வெளியே தள்ளுகிறது. வேண்டாத தண்ணீர் என்றால் அழுக்குத் தண்ணீர் இல்லை, பளிங்கு மாதிரி இருக்கிறது. சிலாங்கூரில் குடியிருக்கிற யாராவது அதைக் கால்வாயில் விடுவார்களா? தண்ணீர் தடை என்று போனில் ஒரு மெசேஜ் வந்தாலே வாளி, குண்டான், பழைய ஐஸ் பெட்டி வரைக்கும் நிரப்பி வைக்கிற ஜனம் நாம். தண்ணீர் லோரிக்குப் பின்னால் வாளியோடு ஓடியது மறந்தா போகும்?

டிரம் வாங்கினோம். ஹோஸை உள்ளே விட்டோம். ஹோஸ் இடித்ததால் மூடி சரியாக உட்காரவில்லை. அதனால் மூடி சுவரோரம் சாய்ந்து நின்றது. டிரம் வாய் திறந்தே கிடந்தது.

ஏடிஸுக்குச் சுத்தமான, அசையாத தண்ணீர்தான் பிடிக்கும் என்று இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? எங்களுக்கும் தெரியும்.

அதிகாரி கம்பவுண்ட், அதாவது அபராதச் சீட்டு, எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனபோது, மாற்றுத் துணி எடுக்க வந்த மாலா எங்கள் வீட்டு கேட் அருகில் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"உங்க வீட்ல ஒன்னும் இருக்காதுக்கா. அண்ணன் தண்ணி விஷயத்துல எவ்ளோ கவனம்," என்றாள்.

சேகர் வாயைத் திறந்தார். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து, அவள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் நண்டு சூப் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினோம். டிங்கி என்றால் நண்டு சூப் கொடுக்காத வீடு உண்டா இங்கே?

"மாலாகிட்ட சொல்லிடப் போறேன்," என்றார் சேகர் காரில், திடீரென்று.

"லேப் ரிசல்ட்டே இன்னும் வரல. ஸ்கூல்லகூட கடிச்சிருக்கலாம்லா. எந்தக் கொசுன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதான் சொல்லணும்."

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுத் தவிக்கிறவளிடம் போய் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? இவர் மனசு லேசாகும், அவள் மனசு? அதோடு, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயமாகவும் இருந்தது. ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறோம். நாளைக்கு எந்த முகத்தோடு துணி காயப்போடுவது?

வார்டில் தர்ஷினி கண்ணை மூடிக் கிடந்தாள். கையில் டிரிப். உதடு வெடித்திருந்தது. பிளேட்லெட் இன்னும் இறங்கிவிட்டது, ராத்திரி கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனாராம். மாலா அதை எங்களிடம் சொல்லும்போது குரல் ஒரே சீராக இருந்தது. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

சேகர் அவளை லிஃப்ட் பக்கம் வரச் சொன்னார். நான் சூப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனேன்.

"மாலா, எங்க டிரம்ல புழு இருந்துச்சும்மா. மூடி போடாம விட்டுட்டேன். இன்னிக்குக் காலைல ஆபீசர் கண்டுபிடிச்சாங்க. உன்கிட்ட மறைக்க முடியல."

லிஃப்ட் வந்து திறந்து, ஆட்கள் இறங்கி, மூடியது. கத்தப்போகிறாள் என்றே நினைத்தேன். கத்தினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தேன்.

"எங்க வீட்டு டிரம்லயும் இருந்துச்சுண்ணே," என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை.

"போன மாசம் தண்ணி தடைக்குப் பிடிச்சு வெச்சது. இவளைச் சேர்த்ததும், செக் பண்ண வர்றோம்னு சுகாதார ஆபீஸ்லேருந்து போன் வந்துச்சு. ஓடிப் போய்த் திறந்து பார்த்தேன். நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அப்படியே கால்வாய்ல கொட்டி, கழுவிக் கவுத்துட்டேன். ஆபீசர் வந்து பார்த்துட்டு, ஒன்னுமில்லைன்னு எழுதிட்டுப் போய்ட்டாங்க." சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். "அவ அப்பாகிட்டகூட சொல்லலண்ணே."

அப்போதுதான் அழுதாள். நான் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டேன். காரில் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் வெட்கமாக இருந்தது.

மறுநாள் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. புதன்கிழமை தர்ஷினி வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்து போயிருக்கிறாள், ஆனால் மீன் எப்போது வரும் என்று கேட்கிற அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது. எந்த வீட்டுக் கொசு என்பது இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.

எங்கள் வரிசையில் டிரம் இல்லாத வீடே கிடையாது. பயந்து தண்ணீரைச் சேர்த்தோம், பயந்து கொட்டினோம்... மூடி போடும் அளவுக்கு மட்டும் ஒருவரும் பயப்படவில்லை.