கறைச் சட்டை இருக்கும் பக்கம்

எனக்கு எழுபத்தாறு வயசு. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போன பிள்ளைகள் இரண்டு, ஆக வளர்த்தது ஏழு. ஏழு பேரும் நன்றாகக் கையெழுத்துப் போடுவார்கள். நான் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். எனக்குக் கட்டைவிரல்தான் கையெழுத்து. ஆனால் இந்த நாட்டில் எந்த மெஷினும் என் கட்டைவிரலை நம்புவதில்லை. பேங்கில் கண்ணாடிமேல் விரலை வைக்கச் சொல்கிறார்கள். வைத்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. துடைத்து வைத்தாலும் சிவப்பு, அழுத்தி வைத்தாலும் சிவப்பு. போன மாதம் அங்கே இருந்த மலாய்ப் பெண், அத்தை என்று அவர்கள் பேச்சில் கூப்பிட்டு, "மக்சிக், விரல்ல ரேகையே இல்லையே, அடுப்புல சுட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். இருபத்தாறு வருஷம் ரப்பர் மரம் சீவிய விரல் என்றேன். "அப்படின்னா தினமும் க்ரீம் போடுங்க" என்றாள். சின்னப் பெண், அவள் என்ன செய்வாள்.

அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயசில், கல்யாணம் முடிந்த கையோடு இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்தவள் நான். ஊரில் நாற்று நட்ட கை. நாற்று தண்ணீரில் தானே நிற்கும், மரம் அப்படியில்லை. கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் முதல் நாள் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். நான் பட்டையை வலது மேலிருந்து இடது கீழே இழுத்துவிட்டேன். ஆளை வேலை வாங்குகிற மண்டோர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, கண்ணாடியில பாத்தா சீவுற? இடது மேல, வலது கீழ! அப்பத்தான் பால் நல்லா இறங்கும்!" லயத்து வீட்டு வரிசை முழுக்க ஒரு வாரம் என்னைச் சொல்லிச் சிரித்தது. அதற்குப் பிறகு என் கை தப்பவேயில்லை. இன்றைக்கும் வாழைப்பழத் தோலில் கத்தி வைத்தால் அந்தச் சாய்வில்தான் போகும்.

தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை எண்ணெய் மரம் நட்ட பிறகு அசாம் ஜாவாவில் மகன் ராஜனோடு வந்துவிட்டேன். அவன் என்ஜினியர். இந்த வருஷம் கோலசிலாங்கூர் மண்டபத்தில் பெண்களின் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். அதை நடத்துகிற நூருல் வீடு வீடாக வந்து, "நீங்க யாருன்னு காட்டுற மாதிரி ஒண்ணு தைச்சுக் குடுங்க மக்சிக்" என்று கேட்டாள். இதுவரை எல்லா இடத்திலும் கார்டைக் காட்டு, ஃபாரத்தைக் காட்டு என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நீ யார் என்று தைத்துக் காட்டச் சொன்னது அவள் ஒருத்திதான். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மூன்று மாதம் உட்கார்ந்து ஒரு போர்வை தைத்தேன். என் கூறைப்புடவையின் முந்தானை, என் வீட்டுக்காரரின் காக்கிக் கால்சட்டை, ஏழு பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையில் ஆளுக்கு ஒரு துண்டு. நட்டநடுவில் நான் மரம் சீவப் போட்ட நீளக்கைச் சட்டை. ரப்பர் பால் துணியில் காய்ந்தால் கறுத்துப்போகும். எந்த சோப்புக்கும் போகாது. அந்தச் சட்டை முழுக்கக் கறை. ஒவ்வொரு துண்டின்மேலும் தடித்த வெள்ளை நூலால் சாய்வாக ஒரு கோடு, கோட்டின் முனையில் பால் பிடிக்கிற மங்கு. பின்பக்கம் கந்தலாகத் தெரியக்கூடாதே என்று சந்தையில் வாங்கிய பாத்தேக் துணியை உள்துணியாக வைத்து, வெள்ளைக் கோடுகளை அதையும் சேர்த்துக் குத்தித் தைத்தேன். நீலத்தில் பெரிய பெரிய பூ.

கண்காட்சி அன்று காலையில் மண்டபத்துக்குள் நுழைந்தேன். சுவரில் நீலப் பூ தொங்குகிறது. என் போர்வையைப் பின்பக்கம் தெரியத் தொங்கவிட்டிருக்கிறார்கள். நூருல் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு என்கிறாள். "இது முதுகும்மா, மூஞ்சி அந்தப் பக்கம் இருக்கு" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். நான் தன்னடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அப்புறம்தான், "உங்க மகன்தானே நேத்து வந்து இப்படி மாட்டச் சொன்னாரு" என்றாள்.

என்னோடு வந்திருந்த ராஜன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "விடுங்கம்மா. என் ஆபீஸ் ஆளுங்க எல்லாம் வர்றாங்க. அந்தக் கறையப் பாத்துட்டு என்ன நினைப்பாங்க? இதுவும் உங்க தையல்தானே."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பேங்கில் சிவப்பு விளக்கு எரிந்தபோது எப்படி நின்றேனோ அப்படியே நின்றேன்.

அப்போதுதான் அடுத்த தெரு சாரா வந்து சேர்ந்தாள். ஜாவாக்காரி, என் வயசுதான். அவர்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் ரப்பர் இருந்தது. அவளும் மரம் சீவினவள். பாய் முடைந்து கொண்டுவந்திருந்தாள். என் போர்வைமுன் நின்று இடுப்பில் கையை வைத்தாள். பூவை அவள் பார்க்கவேயில்லை. பூவுக்கு ஊடாகத் தெரிந்த வெள்ளைத் தையலைப் பார்த்தாள்.

"யாருலா இந்த மரத்தைச் சீவினது?" என்று மண்டபமே கேட்கிற மாதிரி கத்தினாள். "எல்லாம் தப்புப் பக்கம் சாஞ்சிருக்கு! இப்படிச் சீவினா என் புருஷன் அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிருப்பான்!"

"நான் சரியாத்தான் சீவினேன். இவங்க மரத்தைத் திருப்பிப்புட்டாங்க" என்றேன்.

சாரா போர்வையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தாள். கையை உள்ளே விட்டு நடுச்சட்டையைத் தடவினாள். "கெத்தா" என்றாள். ரப்பருக்கு மலாயில் அதுதான் பேர். அப்புறம் தன் கட்டைவிரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதிலும் ரேகை இல்லை. இரண்டு பேரும் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தோம்.

நான் ராஜனைக் கூப்பிட்டேன். "அந்தக் கறைச் சட்டைதான்டா உனக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்கிக் குடுத்துச்சு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துலதான் தைச்சிருக்கேன். வந்து பாரு."

பார்த்தான். ஓரத்தைத் தூக்கித் தன் சட்டைத் துண்டைத் தொட்டான். ஏணியைக் கொண்டுவந்து, ஆபீஸ் ஆட்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, தன் கையால் திருப்பி மாட்டினான். வந்தவர்களிடம் அவனே போய், "இது எங்கம்மா வேலைக்குப் போட்ட சட்டை" என்று தொட்டுக் காட்டினான். ஒருவர், எங்க அப்பாவும் மரம் சீவினவர்தான் என்று கண்ணைத் துடைத்தார். அன்றைக்கு அதிகக் கூட்டம் என் சுவருக்கு முன்னால்தான். நான் நாற்காலி போட்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் பெயர் அட்டையில் கையெழுத்துக் கேட்டார்கள். நூருல் மைப்பெட்டியைத் தேடினாள். வேண்டாம் என்று பேனாவை வாங்கி, இடது மேலிருந்து வலது கீழே ஒரு கோடு, முனையில் ஒரு மங்கு போட்டேன். இனி என் கையெழுத்து அதுதான். பேங்கிலும் சொல்லிவிடப் போகிறேன்.

அறந்தாங்கியிலிருந்து தங்கை மகள் போனில் கேட்கிறாள், "பெரியம்மா, அந்தப் போர்வைய ஊருக்கு எப்பக் கொண்டாருவீங்க?" என்று. நூருல் அதை இங்கேயே நிரந்தரமாக வைக்கக் கேட்கிறாள். இப்போதைக்கு மழை பெய்கிற மத்தியானங்களில் நான்தான் போர்த்திக்கொள்கிறேன். ஒருநாள் கூறைப்புடவை உடம்பில் படுகிறது, ஒருநாள் நீலப் பூ படுகிறது. எது பட்டாலும் தூக்கம் வந்துவிடுகிறது.

நான் சொன்னதெல்லாம் எழுதிவிட்டாயா, தர்ஷினி? உன் அப்பன் மாதிரி கறையை மறைத்து எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். எங்கே, முதலிலிருந்து வாசி. சத்தமாக வாசி, சாரா வீட்டுக்கும் கேட்கட்டும்.