டாங்கித் தலை நிறுத்தத்தில் ஒரு ஜன்னல்

எங்கள் ஊர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு நீளமாகக் கிடக்கிறது. குறுக்கே நடந்தால் வேர்ப்பதற்கு முன்பே முடிந்துவிடும். நெடுக்கே போனால், டிராமில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் ஊர் முடிந்திருக்காது. வோல்கோகிராட்காரர்கள் பாதி வாழ்க்கையை வண்டியில்தான் கழிக்கிறோம். சண்டை, சமாதானம், கல்யாணப் பேச்சு, சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் தரையில் துப்புவது எல்லாம் அங்கேதான். அந்தத் தோலைக் கூட்டிப் பெருக்கியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நான் கண்டக்டர், பெயர் ஃபாயா. என் வண்டியின் டிரைவர் ரிம்மா குஸ்மினிச்னா. குள்ளமாக, கெட்டியாக இருப்பாள். பேச்சு குறைவு, முறைப்பு அதிகம். நன்றாகத்தான் ஓட்டுவாள், ஆனால் ஒரு கண் தண்டவாளத்தில் இருந்தால் இன்னொரு கண் வீட்டு ஜன்னல்களில் இருக்கும். பயணிகள் அவளுக்கு ‘ஜன்னல் இன்ஸ்பெக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டாள்.

அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. அவளுடைய அம்மா டிராம் பாதை ஓரத்திலேயே தனியாகக் குடியிருந்தாள். ஒரு நாள் காலை, நல்ல வெயில், அம்மாவின் சமையலறையில் விளக்கு எரிந்தது. “பட்டப்பகல்ல லைட்டு எரியுது பாரு. மறதி முத்திப்போச்சு கிழவிக்கு” என்று முணுமுணுத்துக்கொண்டே ரிம்மா வண்டியை விட்டாள். திரும்பி வரும்போதும் எரிந்தது. அப்போதும் திட்டினாள். சாயங்காலம் வேலை முடிந்து, நேரில் திட்டுவதற்காகவே படியேறிப் போனாள். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தாள். முந்தின ராத்திரியே உயிர் போயிருந்தது.

அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “போறப்பவும் திட்டினேன், வர்றப்பவும் திட்டினேன், ஃபாயா. அவ தரையில கிடந்தா” என்றாள். நான் எழுந்து டீ போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் ஜன்னல் பார்க்க ஆரம்பித்தாள். எந்த வீட்டில் தனியாக யார் இருக்கிறார், யார் எப்போது திரை விலக்குவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்படிப் பிடிபட்டவர்தான் தீஹன் சவேலியெவிச்.

அவர் வீடு இருந்த நிறுத்தத்துக்கு அதிகாரபூர்வமாக ஏதோ பெயர் உண்டு. ஒருவரும் சொல்வதில்லை. ‘டாங்கித் தலையில நிறுத்தும்மா’ என்றுதான் சொல்வார்கள். ஜெர்மன்காரர்களோடு சண்டை நடந்த காலத்தில் நம் ஆட்கள் கடைசியாக விட்டுக்கொடுக்காமல் நின்ற எல்லையைக் காட்ட, டாங்கியின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி மேடைமேல் வைத்திருக்கிறார்கள். ஊரில் இப்படிப் பல இடங்களில் உண்டு. அதற்கு நேர் எதிரே மஞ்சள் கட்டடம், இரண்டாம் மாடி, ஆற்றைப் பார்த்த ஜன்னல். சண்டை நடந்தபோது அவர் படகுக்காரர். இந்தக் கரையிலிருந்து காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போவார், மேலே விமானம் குண்டு போடும். பிறகு ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் வேலை. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. காது மந்தம்.

முதல் தடவை ரிம்மா அங்கே மணியடித்தது தண்டவாளத்தில் படுத்திருந்த ஒரு நாய்க்காக. கிழவர் ஜன்னலைத் திறந்து பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

“யாருடி அது, காலங்காத்தால கோயில் மணி அடிக்கிறவ?”

ரிம்மாவும் தலையை நீட்டினாள். “உயிரோட இருக்கீங்களான்னு பாத்தேன், பெரியவரே!”

“பாத்துட்டேல்ல? கிளம்பு!”

மறுநாள் வேண்டுமென்றே ஒரு மணி அடித்தாள். கிழவர் டீ கிளாஸை ஜன்னலுக்கு உயர்த்திக் காட்டினார். அவ்வளவுதான், அது வழக்கமாகிவிட்டது. காலையில் டாங்கித் தலை வந்தால் ஒரு மணி. மேலே ஒரு கிளாஸ். ஆஸ்பத்திரிக்கோ கொழுந்தியாள் வீட்டுக்கோ போவதாயிருந்தால், முந்தின சாயங்காலமே தன் பழைய கப்பல்காரர் பனியனை, அந்த நீலக்கோடு போட்டதை, ஜன்னலில் தொங்கவிட்டுவிடுவார். பனியன் தொங்கினால் ரிம்மா கவலைப்பட மாட்டாள்.

அன்று மே ஒன்பது, வெற்றி நாள். வண்டி முழுக்கச் சிவப்புக் கார்னேஷன் பூ. எல்லாருமே வாள் ஏந்திய தாய்ச் சிலை நிற்கும் மலைக்கு, சண்டையில் செத்தவர்களுக்காக அங்கே எரியும் அணையா நெருப்புக்குப் பூ வைக்கப் போகிறவர்கள். இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படையில்தான் பிடித்திருந்தார்கள். எங்களுக்குச் செத்தவர்களுக்கு இரட்டை, உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றை. பிறந்தநாளுக்கு ஒருத்திக்கு நான்கு பூ கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், ஆயுசுக்கும் பேச மாட்டாள்.

டாங்கித் தலை வந்தது. ரிம்மா ஒரு மணி அடித்தாள். ஜன்னலில் திரை மூடியிருந்தது. இன்னொரு தடவை அடித்தாள். திரை அசையவில்லை. பனியனும் தொங்கவில்லை.

ரிம்மா வண்டியை அப்படியே நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, கேபின் கதவைத் திறந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஃபாயா, நான் மேல போறேன்.”

“வண்டி?”

“நிக்கட்டும்.”

தொப்பி போட்ட ஒரு பருத்த மனிதர் எழுந்தார். “என்னம்மா இது? இன்னிக்குப் போயி? நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள நெருப்பே அணைஞ்சிடும்!”

“அது அணையா நெருப்பு, காத்துக்கிட்டிருக்கும். உக்காருங்க” என்றேன்.

“தனியா இருக்கற கிழவர், சண்டையில படகு ஓட்டினவர்” என்று ரிம்மா சொன்னாள். “ஜன்னல் தொறக்கல.”

இன்னொரு நாளாயிருந்தால் பாதிப் பேர் கத்தியிருப்பார்கள். அன்றைக்கு யாரால் முடியும்? தொப்பிக்காரரே முதலில் இறங்கினார். பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள், கையில் நான்கு பூவோடு, மூச்சு வாங்க அவர் பின்னால் மாடிப்படி ஏறினாள். இன்னும் ஏழெட்டுப் பேர். நானும் ஓடினேன்.

இரண்டாம் மாடியில் இரும்புக் கதவு. உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது, ராணுவ பேண்டு வாத்தியம். ரிம்மா கையால் அடித்தாள், பிறகு காலால் உதைத்தாள். பதிலே இல்லை. எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“காலையிலேருந்து இப்படித்தான் கத்துது. நானும் தட்டிப் பாத்துட்டேன். தொறக்கல.”

ரிம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். “டிவி ஓடுது. ஆள் இல்ல” என்றாள். “அங்கயும் லைட்டு எரிஞ்சுது, ஃபாயா.”

தொப்பிக்காரர் தோளால் கதவை முட்டினார். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்குத்தான் வலித்தது. பச்சைக் கோட்டு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, “ஆண்டவர் அவருக்கு மோட்சம் கொடுக்கட்டும். நல்ல நாள்லதான் போயிருக்காரு” என்று ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. “அதுக்குள்ள வழியனுப்பாதீங்கம்மா!” என்று கத்தினேன். கத்தும்போதே எனக்குப் பொறி தட்டியது. அந்த மனுஷருக்குக் கதவு தட்டினால் எந்தக் காலத்தில் கேட்டிருக்கிறது? அவர் காது எதிர்பார்த்துக் காத்திருக்கிற சத்தம் ஒன்றுதான்.

படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. என் வயசுக்கும் எடைக்கும் அது தகாது. கேபினில் ஏறி, மணி மிதியில் காலை வைத்து மிதித்தேன். விடவே இல்லை. இதற்குள் பின்னால் அடுத்த டிராம் வந்து நின்றுவிட்டது. அதன் டிரைவர், வெற்றி நாளில் டாங்கித் தலைக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டானாம்! அவனும் மணியடித்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் காரணம் கேட்காமல் அடித்தான். நடைபாதையில் போனவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு டாங்கித் தலையைப் பார்த்து நின்றார்கள். நான் மட்டும் ஜன்னலைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தேன்.

திரை விலகியது.

வெள்ளைச் சட்டை, மார்பு முழுக்கப் பதக்கம், கையில் டீ கிளாஸ். ஜன்னலைத் திறந்து, வரிசையாக நின்ற டிராம்களைப் பார்த்து, ஆற்றின் அக்கரைக்கே கேட்கிற குரலில் கத்தினார்:

“ஒரு மணி போதாதாடி உனக்கு?”

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும்தான். “கதவைத் தொறங்க! கதவு!” என்று கையைக் காட்டிக்கொண்டே மறுபடியும் படியேறினேன்.

நான் மேலே போய்ச் சேரும்போது அவர் கதவைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். உள்ளே மேசைமேல் புத்தம்புதிய பெரிய டிவி. முந்தின நாள் துறைமுகச் சங்கத்தார் பரிசாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்களாம். அதுவரை ரேடியோவில் மட்டும் அணிவகுப்பு கேட்ட மனிதர். ஆற்றுப் பக்கத்து வெயில் நேரே டிவியில் விழுகிறதென்று ஜன்னலையும் திரையையும் மூடிவிட்டு, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிவிட்டு, டாங்கி வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

“இதென்ன கூட்டம்?” என்றார். அவர் பார்வை முகங்களை விட்டுக் கைகளுக்கு இறங்கியது. விரலை நீட்டி எண்ணினார். “ரெண்டு. அங்க ஆறு. அந்தம்மாகிட்ட நாலு.” தலையை நிமிர்த்தினார். “எல்லாருமாச் சேந்து என்னை அடக்கம் பண்ணவா வந்தீங்க?”

பச்சைக் கோட்டு அம்மாள் பூவைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தொப்பிக்காரர் தோளைத் தேய்த்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரிக்க, மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். மாடிப்படி முழுக்க ஒரே சிரிப்பு.

ரிம்மா சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கிழவர் டீ கிளாஸைத் தரையில் வைத்தார். மெதுவாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பதக்கங்கள் கலகலத்தன.

“என்ன மகளே, செத்துட்டேன்னு நெனச்சியா?”

அவள் தலையாட்டினாள்.

“நீ ஒருத்தி மணியடிக்கிறதால, தெனம் ஜன்னலுக்கு வரணுமேன்னே எந்திரிக்கிறேன். எப்படிடி சாவேன்?” என்றார். பிறகு பச்சைக் கோட்டு அம்மாளிடம் கையை நீட்டினார். “அதைக் குடும்மா. எனக்குன்னுதானே தூக்கிட்டு வந்தே.”

அவள் தயங்கித் தயங்கி நான்கு பூவையும் நீட்டினாள். கிழவர் அதிலிருந்து ஒன்றை உருவி ரிம்மாவின் கையில் வைத்தார்.

“ஒண்ணு உனக்கு. மூணு எனக்கு. இப்ப ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். எந்திரி, உன் வண்டி தெருவை அடைச்சுக்கிட்டு நிக்குது.”

வண்டி கிளம்பியது. பச்சைக் கோட்டு அம்மாளுக்கு நெருப்புக்கு முன்னால் வைக்கப் பூ இல்லாமல் போயிற்றே என்று, ஆறு வைத்திருந்தவர் இரண்டைக் கொடுத்தார். மலை வரும்வரை வண்டியில் ஒரே பேச்சும் பாட்டுமாக இருந்தது. அவ்வளவு கலகலப்பான மே ஒன்பதை நான் பார்த்ததில்லை. டிப்போவில் ரிம்மாவை நிற்கவைத்துத் திட்டினார்கள். அவள் பூவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டாள். அவள் காதில் ஒரு வார்த்தை ஏறியிருக்காது.

சாயங்காலம் கடைசித் தடவையாக டாங்கித் தலையைக் கடந்தோம். சாயங்காலத்தில் மணியடிக்கிற வழக்கம் இல்லை. அன்று அடித்தாள். இரண்டாம் மாடி ஜன்னலில் திரையே இல்லை. கம்பியோடு கழற்றிப் போட்டிருந்தார். கிழவர் வந்து நின்று வெறுங்கையை உயர்த்தினார். டீ கிளாஸ் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அதில் மூன்று பூ நின்றது.