சத்தம் போடாத கேமரா

வீட்டில் அவளுக்குப் பூனை என்றுதான் பெயர். அடுப்படிக்குள் வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால்கூட ஒருவர் காதிலும் விழாது. "வரும்போது ஒரு இருமலாவது இருமிட்டு வாடி. என்னைக்காவது எனக்கு நெஞ்சு நின்னுடப் போகுது" என்பாள் அண்ணி.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ ஊரைக் கூட்டுகிற கேமரா. பெரியப்பா மகன் புதிது வாங்கியபோது அவள் தலையில் கட்டிய பழசு. பொத்தானை அழுத்தினால் உள்ளே கண்ணாடி எழும்பி விழும். யாரோ கோபத்தில் அலமாரியைச் சாத்தியதுபோல் 'தடக்' என்று கேட்கும். பூங்காவிலும் பிறந்தநாள் வீடுகளிலும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பிழைப்புக்கு அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வந்தவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, வில்லைகளை மாற்றி மாற்றி, "முதல்லதா, ரெண்டாவதா? எது தெளிவா இருக்கு?" என்று நாள் முழுக்கக் கேட்க வேண்டும். சிலர் பதில் சொல்லவே நடுங்குவார்கள். "இன்னொரு தடவ காட்டுங்க. தப்பா சொல்லிட்டா கண்ணு கெட்டுடாதே?" அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதுல தப்பான பதிலே கிடையாதுங்க" என்பாள்.

அங்கே கண்ணாடி மாற்ற வந்தவர்தான் நாடகக் குழுவின் இயக்குநர். குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா. சுவரில் அவள் எடுத்து ஒட்டியிருந்த படங்களை நின்று பார்த்தவர், "எங்க நாடகத்தையும் எடுத்துத் தர்றியா?" என்றார். போனாள். மேடையில் ஒருவன் செத்துப்போன தம்பியின் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். அரங்கமே மூச்சை அடக்கியிருந்தது. 'தடக்.' முன்வரிசையில் நாலு தலைகள் திரும்பின. நடிகனின் கண் ஒரு நொடி இருட்டுக்குள் அவளைத் தேடிவிட்டு மறுபடி சட்டைக்குப் போனது. அதன்பின் அவள் கேமராவை மடியிலிருந்து எடுக்கவில்லை.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "உன் படம் எனக்குப் புடிச்சிருக்கு. அடுத்த நாடகத்துல இருந்து சம்பளம் குடுத்தே கூப்பிடறேன். ஆனா அந்தச் சத்தம் மட்டும் வேணாம்மா. இன்னொரு தடவ கேட்டா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அன்றிலிருந்து எங்கே என்ன சாத்தினாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பரிசோதனை நாற்காலியின் கைப்பிடி விழுந்தால்கூட உள்ளங்கை வேர்த்தது.

சத்தம் போடாத கேமரா தேடிக் கடைக்குப் போனாள். கேமராக் கடைக்காரர் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவர். "இதுல சத்தம்னு ஒண்ணே கெடையாதும்மா. எங்க வீட்டம்மா தூங்கும்போது பக்கத்துல நின்னு எடுத்தேன், குறட்டை ஒரு சுருதி மாறல. விளக்கு வெளிச்சத்த மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க. நாடகத்துக்கு வாடகைக்குக் கொண்டுபோங்க, புடிச்சா வச்சுக்கங்க." குறட்டைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில் விளக்குப் பேச்சு காதோடு போய்விட்டது.

கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்த அண்ணி, "படம் சரியா வரலேன்னா இனிமே பழச சாக்கு சொல்ல முடியாது, தெரியுமில்ல?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

புது நாடகம் ஒரே ஒரு முறைதான் நடக்கப்போகிறது. ஒத்திகையை அவள் கேமரா இல்லாமல் போய்ப் பார்த்திருந்தாள். அது பகல் வெளிச்சத்தில், ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது.

நாடகத்தன்று ஓரமாக ஒரு நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டாள். வெளிச்சம் யார் கண்ணையும் உறுத்தக் கூடாதென்று கேமராவின் திரையையும் அணைத்துவிட்டு, பார்வைத் துளையில் மட்டும் கண்ணை வைத்தாள். எடுத்தாள், எடுத்தாள், சத்தமே இல்லை. முதல்முறையாக அவளும் கேமராவும் ஒரே மாதிரி இருந்தார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இடைவேளையில் கழிவறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு திரையைப் போட்டாள். முதல் படத்தில் நடிகையின் முகத்துக்குக் குறுக்கே கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள். அடுத்ததிலும் அதேதான். கதாநாயகன் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் நிற்பவன்போல் இருந்தான். தள்ளிக்கொண்டே போனாள். ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான். 

விளக்கு! கடைக்காரர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. சத்தமில்லாத முறையில் கேமரா காட்சியை வரிவரியாகத்தான் படிக்கும். மேடையின் எல்.ஈ.டி விளக்குகளோ கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. அணைந்த கணங்களெல்லாம் பட்டைகளாக விழுந்திருந்தன. சத்தத்துக்குப் பயந்து கேமராவின் வாயைக் கட்டினாள். வெளிச்சத்துக்குப் பயந்து தன் கண்ணையும் கட்டிக்கொண்டாள்.

அதே கேமராவில் உள்ளே ஷட்டர் மூடித் திறக்கிற இன்னொரு முறையும் உண்டு. அதற்கு மாற்றி அழுத்திப் பார்த்தாள். 'சிக்.' பழையதைப்போல் அலமாரி இல்லை. ஆனால் அந்தச் சின்ன அறையில் அவளுக்கு அது இடி.

மணி அடித்தது. இரண்டாம் பாதியில் மேடையை அவள் கண்ணால் பார்த்ததைவிடக் காதால்தான் அதிகம் பார்த்தாள். யாராவது நடந்தால் காலடிக்குள் ஒன்று. கூட்டம் சிரித்தால் சிரிப்புக்குள் இரண்டு. ஒரு பெரியவர் நன்றாக இருமினார். அவருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு ஒன்று எடுத்தாள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் முன்வரிசைத் தலைகளைப் பார்த்தாள். யார் திரும்புகிறார்கள்?

கடைசிக் காட்சிக்குத்தான் அவள் பயந்தது. தாய் பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, மகளின் துணிகளைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பேச்சில்லை, இசையில்லை. அந்தப் படம்தான் அக்காவுக்கு வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு இருமல்கூட இல்லை. பெரியவரும் இந்த நேரம் பார்த்து அமைதியாகிவிட்டார்.

காத்திருந்தாள். நடிகையின் முகம் உடைவதைக் கேமரா வழியே பார்த்தும் அழுத்தவில்லை.  அந்த முகத்தை விட்டுவிட்டாள். ஒத்திகையில் நடிகை கடைசியில் பெட்டியை மூடியது ஞாபகம் இருந்தது. மூடி இறங்கத் தொடங்கியது. விழும் அந்தத் தட்டலோடு சேர்த்து அழுத்தினாள்.

அரங்கில் விளக்கு வந்ததும் அக்கா நேராக அவளை நோக்கி நடந்து வந்தார். ஓடிவிடலாமா என்று இருந்தது.

"ரெண்டாவது பாதியில நீ எடுக்கவே இல்லையா? ஒண்ணுமே கேக்கலியே."

"எடுத்தேங்க்கா." கேமராவை நீட்டினாள். "முதல் பாதிதான் போச்சு. என் தப்பு."

பட்டைகளை அக்கா நெடுநேரம் பார்த்தார்.  பிறகு கடைசிப் படம். மூடிக்கு மேலே பாதி முகம், விளிம்பைப் பிடித்த விரல்கள்.

"கண்ணு மட்டும்தான் தெரியுது" என்றார். பாராட்டா குறையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "போனது போச்சு. எனக்கு முதல் பாதியே இல்ல. அடுத்த தடவ மேடை ஒத்திகைக்கு, அதே விளக்குக்கு முன்னாடி, கேமராவோட வந்து நிக்கணும். அதுலயும் கோட்ட விட்டா அவ்வளவுதான், சொல்லிட்டேன்."

மறுநாள் கேமராக் கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "எப்படி, சத்தம் போடாம வேலை செஞ்சுதா?"

"ஷட்டர் மூடுற சத்தத்த வச்சுத்தான் வாங்கணும்ங்க. இருக்கிறத எல்லாம் கேக்கணும்."

ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டிக்கொண்டே, கேமரா வாங்க வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்ற முதல் ஆள் அவள்தான் என்று அவர் முணுமுணுத்தார். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வாடகைக்குக் கொண்டுபோனது, இன்னொன்று அதற்கு மூத்தது, கைமாறி வந்தது.

'சிக்.' 'ச்சப்.'

"முதல்லதாம்மா, ரெண்டாவதா?"

மூடிய கண்ணுக்குள் அரங்கத்தின் இருட்டு இருந்தது. அதில் தலைகள் திரும்பக் காத்திருந்தன. அவள் நெஞ்சின் சத்தம் இரண்டையும் அமுக்கியது.

"இன்னொரு தடவ" என்றாள்.